எம்.டி.யின் சம்பளத்துக்கு யார் ஓட்டுப் போடுவது?

அன்புள்ள ஐயா,

பெரிய கம்பெனிகளின் நிர்வாக இயக்குநர்கள் வாங்கும் சம்பளத்தைப் பங்குதாரர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ராயல் என்ஃபீல்டை இழுத்து மூடும் நிலையிலிருந்து தூக்கி நிறுத்தியவர் சித்தார்த்த லால். அவர் 21 கோடி வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பெட்டிக்கடைகூட நடத்திப் பார்க்காதவர்கள் இதைப் பேசும்போது எனக்குப் பொறாமையாகத்தான் தெரிகிறது. பிடிக்காதவர்கள் பங்கை விற்றுவிட்டுப் போகலாமே? நானும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுகிறேன். யாருக்கு என்ன சம்பளம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கே., கோவை

அன்புள்ள கே.,

வெறும் வசையாக வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கோபத்தில் வாதம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

லாலின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2000-இல் இருபதுகளில் இருந்த ஓர் இளைஞராக அவர் பொறுப்பேற்றார். 2018-19-இல் ராயல் என்ஃபீல்டு 8 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. திருவொற்றியூர் ஆலையோடு இருந்த கம்பெனி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது அவர் காலத்தில்தான்.

சரி, 2021-க்கு வருவோம். கொரோனா ஆண்டில் தாய்க் கம்பெனியான ஐஷர் மோட்டார்ஸின் லாபம் இறங்கியிருந்தது. லாலின் சம்பளம் மட்டும் சுமார் 10 சதவீதம் ஏறி 21 கோடியைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், அவரை மறுபடி நிர்வாக இயக்குநராக நியமித்து, லாபத்தில் 3 சதவீதம் வரை சம்பளம் தரலாம் என்று தீர்மானம் வந்தது. லாபம் 2,000 கோடி என்று வைத்துக்கொண்டால் உச்சவரம்பு 60 கோடி. இது சிறப்புத் தீர்மானம், 75 சதவீத ஆதரவு வேண்டும். கிடைத்தது சுமார் 73. தீர்மானம் தோற்றது.

இதில் உற்றுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புரமோட்டர் குடும்பத்திடம், அதாவது கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் லால் குடும்பத்திடம், ஏறக்குறைய பாதிப் பங்கு இருந்தது. நம் சட்டப்படி புரமோட்டர் தன் சம்பளத்துக்குத் தானே ஓட்டுப் போடலாம். அந்த ஓட்டுகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், வெளிப் பங்குதாரர்கள் போட்ட ஓட்டில் எதிர்ப்பே அதிகம். சாதாரணத் தீர்மானமாக இருந்திருந்தால், பாதிக்கு மேல் கிடைத்தாலே போதும், சுலபமாக நிறைவேறியிருக்கும். புரமோட்டரின் சம்பளம் 5 கோடி, லாபத்தில் 2.5 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி இருக்கிறது. வெளியாருக்கு இருக்கும் பிடி அவ்வளவுதான். எனக்கு இது போதாது. தன் சம்பளத்தைப் பற்றிய தீர்மானத்தில் புரமோட்டரின் ஓட்டை எண்ணவே கூடாது என்பதுதான் என் கட்சி.

அப்புறம் என்ன நடந்தது? சில நாட்களிலேயே இயக்குநர் குழு வரம்பை 1.5 சதவீதமாகப் பாதியாக்கியது. தபால் ஓட்டில் பங்குதாரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதே லால்தான் தொடர்ந்தார். கம்பெனி கவிழ்ந்துவிடவில்லை. கேள்வி கேட்டால் திறமைசாலிகள் ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பொறாமை என்கிறீர்கள். 2017-இல் இன்ஃபோசிஸின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரிக்குச் சம்பளம் கூட்டியபோது பகிரங்கமாக எதிர்த்தவர், அந்தக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி. பெரும்பாலான ஊழியர்களுக்கு 6 முதல் 8 சதவீதம் உயர்வு கொடுத்துவிட்டு, மேலே இருப்பவருக்கு 60 முதல் 70 சதவீதம் கூட்டுவது நியாயமா என்பது அவருடைய கேள்வி. அவர் கம்பெனி நடத்தாதவரா?

பங்கை விற்றுவிட்டுப் போகச் சொல்வதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த இடம். 2015 முதல் தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி, நிஃப்டி, சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடுகளில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இ.டி.எஃப். என்ற ஃபண்டுகளுக்குப் போகிறது. ஐஷர் 2016-இலேயே நிஃப்டியில் சேர்ந்துவிட்டது. ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிற ஒருவரின் சேமிப்பும் இப்படி அந்தப் பங்கில் ஒரு துளி இருக்கலாம். அவரால் அதை விற்க முடியாது, ஓட்டும் போட முடியாது. அவருக்காகக் கேட்க வேண்டியது ஃபண்டுகள்தான்.

நீங்களும் அதே நிலையில்தான் இருக்கிறீர்கள். உங்கள் எஸ்.ஐ.பி. பணத்துக்கு உங்கள் பெயரில் ஃபண்ட் கம்பெனி ஓட்டுப் போடுகிறது. 2022 ஏப்ரல் முதல் எந்தத் தீர்மானத்திலும் ஓட்டுப் போடாமல் நழுவ அதற்கு அனுமதி இல்லை. ஆதரித்ததா எதிர்த்ததா, ஏன் என்பதை அதன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். உங்கள் ஃபண்டின் பட்டியலை எடுத்து, சம்பளத் தீர்மானங்களை மட்டும் ஒரு முறை பாருங்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் உங்களுக்குச் சரியாகப் படுகின்றனவா என்று எழுதுங்கள், அதையும் இங்கேயே வெளியிடுகிறேன்.