துடுப்பின் பிடியில் காது வைத்தால்

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்கிறார்களே, அது கட்டுக்கதையா? இயந்திரப் படகுகளின் சத்தம் நீருக்குள் வாழும் உயிர்களைப் பாதிக்குமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: கட்டுக்கதை அன்று. 1848-இல் அங்கே சென்ற பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழுவது போன்ற மெல்லிய ஓசைகள் நீருக்கடியிலிருந்து வந்ததாகவும், படகின் மரத்தில் காதை வைத்தபோது அவை உரத்துக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஒலிப்பது மீன் அல்ல, ஊரி என்னும் நத்தைதான் என்று அவ்வூர் மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். ஆனாலும் பெயர் என்னவோ மீனுக்கே நிலைத்துவிட்டது. கல்லடிப் பாலத்தருகே நிலவுக் காலத்தில் துடுப்பை நீரில் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்கும் வழக்கத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது. நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பில் மோதி ஏறத்தாழ முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். துடுப்பின் மரமோ அதை நேரே காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

பொதுவாகவே கழிமுகங்களில் ஒலிக்குப் பஞ்சமில்லை. கத்தாளை மீன் தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து முரசு கொட்டும். வலையில் சிக்கிய பின்னும் அது கத்துவதுண்டு. விரல் நீளமே உள்ள ஒருவகை இறால் தன் பெரிய கொடுக்கைப் படீரென மூடும்போது நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது. அப்போது கேட்கும் வெடியோசை கொடுக்கின் இரு பகுதிகளும் மோதுவதால் எழுவதன்று, அக்குமிழி நொறுங்குவதால் எழுவது என்பது 2000-இல்தான் தெளிவாயிற்று.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பாதிக்கும். மீன்களின் குரல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே அமைகிறது. படகு எஞ்சினின் இரைச்சலும் அந்த எல்லைக்குள்தான் மிகுதி. போர்ச்சுகலில், லிஸ்பன் நகரை ஒட்டிய தேஜோ ஆற்றுக் கழிமுகத்தில் ஒருவகைத் தேரை மீன் வாழ்கிறது. ஆண் மீன் கல்லுக்கு அடியில் கூடமைத்து, அங்கிருந்தபடியே குரல் கொடுத்துப் பெண் மீனை வரவழைக்கிறது. ஓயாமல் அழைக்கும் ஆணின் கூட்டில் முட்டைகளும் மிகுதியாகக் காணப்படுகின்றன. அக்கழிமுகத்தில் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகுகளின் இரைச்சலில், தம் இனத்தின் குரலைக் கேட்டறியும் திறன் இம்மீன்களுக்கு வெகுவாகக் குறைந்துவிடுவதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூட்டை விட்டு நகர முடியாத மீனுக்கு இது சிறிய இழப்பன்று என்பது என் எண்ணம்.

ஆனால் சாக்கடைக் கழிவைப் போல இரைச்சல் நீரில் தேங்கி நிற்பதில்லை. எஞ்சின் நின்ற கணமே அதுவும் நின்றுவிடும். மட்டக்களப்புக்குப் போனால் படகோட்டியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், துடுப்பை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.