கிளினிக் இலவசம், போய்வரும் நாள் இலவசமில்லை

அன்பின் ஐயா,
நான் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் படிப்பிக்கும் ஆசிரியர். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மருந்து தருகிறார்கள். அப்படியிருந்தும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள கூலிக்காரர் பலர் கால் புண் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். இது வறுமையா, கவலையீனமா?
ஒரு வாசகர்

அன்பின் ஆசிரியருக்கு,

கிளினிக் நாளில் நீங்கள் லீவு போட்டால் சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரருக்கு அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போகும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் திகதி விழுந்தால் கிளினிக்தான் தவறும். கையிலிருக்கும் ஒரு மாதக் குளிசையை ஒன்றரை மாதத்துக்கு இழுப்பார்கள். இரண்டு வேளை ஒரு வேளையாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சாப்பாடு. இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுத்துவிட்டுப் பட்டினியாக வேலை செய்தால் சீனி சட்டென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். வயலில் ஒருமுறை அப்படி விழுந்தவர் பிறகு மருந்துக்கே பயப்படுவார். அந்தப் பயத்தைக் கவலையீனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்குவது அரிது. அதனால் எத்தனை மணிக்கு வேலை, எப்போது சோறு என்பதை டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

கால் புண்ணும் அப்படித்தான். சீனி வருத்தத்தால் நரம்பு மரத்த காலோடு சேற்றில் நிற்பவருக்கு முள் குத்தியதே தெரியாது. பின்னேரம் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை வீட்டில் இன்னொருவர் பார்க்கவேண்டும்.

இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கச் சொல்வார்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பாவிக்கும் குப்பியைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணலில் வைத்த மண்சட்டிக்குள் வைக்கலாம். திறந்து நாலு கிழமைக்குமேல் பாவிக்கக்கூடாது. திறக்காததை அயல்வீட்டுப் பிரிட்ஜில் கொடுத்துவையுங்கள், ஐஸ் பெட்டியில் அல்ல, உறைந்தால் எறியவேண்டியதுதான்.

இலவச வைத்தியம் மட்டும் மேல்நிலையில் உள்ளவருக்கும் கீழ்நிலையில் உள்ளவருக்கும் இடையிலான உடல்நல வேறுபாட்டை அழிக்காது என்பது லண்டனிலும் தெரிந்ததே. 1967இல் அங்கே அரச ஊழியரிடம் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வில் எல்லாருக்கும் நிலையான வேலையும் இலவச வைத்தியமும் இருந்தன. ஆனாலும் கடைநிலை ஊழியரின் இறப்பு வீதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைத்தல், பிறசர், கொலஸ்ட்ரோல் எல்லாம் சேர்த்தும் அதில் ஒரு பகுதிக்கே விளக்கம் கிடைத்தது. தன் வேலைமீது தனக்கே அதிகாரமில்லாத நிலையும் இதயத்தைத் தாக்குகிறது என்று பின்வந்த ஆய்வு காட்டியது. இங்கே கூலியே நிச்சயமில்லை.

உங்கள் மாணவர் வீடுகளில் இப்படி யாராவது இருந்தால், அறுவடைக்கு முந்திய கிளினிக்கிலேயே இரண்டு விடயம் கேட்கச் சொல்லுங்கள்: திகதியை மாற்றித் தரலாமா, வீட்டுக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் தரலாமா? கேட்கத் தயங்குவார்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள்.