ஒரே கோட்டில் ஒரு முகம்

வணக்கம் சார். வெரோனிக்கா என்ற பெண் இயேசுவின் முகத்தைத் துடைத்த துணியில் பதிந்ததாகச் சொல்லப்படும் அவர் முகத்தை, பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் க்ளோத் மெலான் ஒரே கோட்டில் செதுக்கிய அச்சுப்படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வித்தை பிரமாதம்தான், ஆனால் அதில் உணர்ச்சி எங்கே? பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரன் உணர்ச்சிகளுக்கு மாதிரியாக வரைந்த தலைகளில் பயம், பக்தி, பரவசம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே?
— ர.

அன்புள்ள ர.,

பளிச்சென்று தெரிவதுதான் எனக்கு இடிக்கிறது. லெ ப்ரன் 1668-இல் பாரிஸ் ஓவிய அகாதமியில் உரையாற்றியபோது, தத்துவவாதி தேகார்த்தின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, ஆன்மா மூளைக்குள் ஒரு சுரப்பியில் இருந்து வேலை செய்வதால் உணர்ச்சியைக் கண்ணைவிடப் புருவமே அதிகம் காட்டிக்கொடுக்கும் என்றார். அவர் இறந்தபின் 1698-இல் பிகார் என்ற செதுக்குக் கலைஞர் அந்தத் தலைகளைச் செதுக்கி வெளியிட்டார். பரவசமா, தலையைச் சாய், விழியையும் புருவத்தையும் மேலே ஏற்று, வாயைக் கொஞ்சம் திற. மாணவனுக்கு நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில்லை, உடம்பில்லை, எதைப் பார்த்துப் பரவசப்படுகிறான் என்பதும் இல்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் வரைந்த பல தேவாலயப் பீடப் படங்களில் புனிதர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பதை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

மெலானின் 1649 படத்துக்கு வாருங்கள். மூக்கு நுனியில் தொடங்கும் கோடு சுற்றிச் சுற்றி வெளியே போகிறது. செப்புத் தகட்டில் கூர் உளியை அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகி மை கூடுதலாகப் பிடிக்கும், கோடு தடிக்கும். கையை லேசாக்கினால் மெலியும். அவ்வளவுதான் அவரிடம் இருந்த உபாயம். கண்குழி, முள்முடி, ரத்தத் துளி, துணியின் மடிப்பு எல்லாமே அந்தத் தடிப்பும் மெலிவும்தான், குறுக்குக்கோடு ஒன்றுகூடக் கிடையாது. கிட்டே போய்ப் பாருங்கள், புருவத்துக்கென்று தனியாக விளிம்பே இல்லை, வளையங்கள் அந்த இடத்தில் கொஞ்சம் கறுக்கின்றன. உதடும் அப்படித்தான். தள்ளி நின்றால் அடிபட்டுக் களைத்த ஒரு மனிதர் நேராக நம்மைப் பார்க்கிறார். என்ன உணர்ச்சி என்று ஒரு சொல்லில் பெயர் வைக்க முடியவில்லை, லெ ப்ரனிடம் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1513-இல் இதே துணியைச் செதுக்கியபோது அதை ஏந்திப் பிடிக்க இரண்டு தேவதூதர்களைச் சேர்த்தார். மெலான் யாரையும் சேர்க்கவில்லை.

வித்தை காட்டினார் என்பதும் உண்மைதான். கீழே லத்தீனில் 'ஒன்றால் உருவான ஒருவர், வேறொருவர் இல்லை' என்று பொறித்திருக்கிறார். அது இயேசுவைப் பற்றியது, கொஞ்சம் தன்னைப் பற்றியதும்கூட!

அப்புறம், இதைச் செல்போனில் சிறிதாகப் பார்த்தால் வளையங்கள் குழம்பி அலையலையாகத் தெரியும், அது படத்தின் குற்றமில்லை. நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் தளத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள்.