படகுக் கணக்கும் யோசிக்க வைக்கும் கருவியும்: கடிதம்

அன்புள்ள சார்,

கடலூர் முதுநகரில் அப்பாவின் விசைப்படகுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் பழைய கணக்குகளைச் சரிபார்க்க கிளாட் என்ற ஏ.ஐ. செயலியிடம் கொடுத்தேன். ஒருமுறை கடலுக்குப் போய்வந்ததில் ஏலத்தொகை 1,80,000 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் 84,000. ஏலக்காரர் கமிஷன் 5 சதவீதம். மீதியில் 40 சதவீதம் ஆறு ஆட்களுக்கு. தலைக்கு 6,080 என்கிறது செயலி, எங்கள் நோட்டில் 5,800 இருக்கிறது. 'சீக்வென்ஷியல் திங்கிங்' என்ற எம்.சி.பி. இணைப்பைச் செயலியோடு சேர்த்தால் நன்றாக யோசிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை விண்டோஸ் லேப்டாப்பில் போட்டேன், ஒன்றுமே வரவில்லை. எப்படி நிறுவுவது? நிறுவினால் கணக்கு சரியாகிவிடுமா?

எம்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த 280 ரூபாயை எந்த இணைப்பும் தானாகச் சரிசெய்யாது. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். கமிஷனை முழு ஏலத்தொகையில் எடுத்தால் 9,000. அதுவும் செலவும் போக மீதி 87,000, அதில் 40 சதவீதம் 34,800, தலைக்கு 5,800. செயலி முதலில் செலவைக் கழித்துவிட்டு, மீதமிருந்த 96,000-இல் கமிஷன் 4,800 எடுத்திருக்கிறது. அப்படிப் போனால் 91,200 மீதி, தலைக்கு 6,080. கூட்டல் கழித்தல் இரண்டு வழியிலும் சரிதான். கமிஷன் எந்தத் தொகையின் மேல் என்று நீங்கள் சொல்லவில்லை, அது தானாக ஒன்றை எடுத்துக்கொண்டது. உங்கள் கரையின் வழக்கம் அதற்கு எப்படித் தெரியும்? இங்கே புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கேட்டால்கூட வேறு கணக்கு சொல்லக்கூடும்.

சரி, அப்புறம் அந்த இணைப்பு எதற்கு? அது யோசிக்கும் இயந்திரம் இல்லை. செயலி ஒரு படியை எழுதி அதனிடம் கொடுக்கிறது, அது வாங்கிக்கொண்டு 'இது இத்தனையாவது படி, மொத்தம் இத்தனை' என்பது போன்ற குறிப்புகளை மட்டும் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் எழுதப்பட்ட படி உரையாடலில் தங்கிவிடுகிறது, கிளாடுக்குள் இருக்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) அடுத்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்கெனவே எழுதியதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது என்பதால் நேராக விடைக்குத் தாவாமல் நடுப்படிகளை எழுத வைத்தாலே பலன் வரும். இதை 2022-இலேயே காட்டிவிட்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூகுள் ஆய்வாளர்களும் சேர்ந்து, கேள்வியோடு 'படிப்படியாக யோசிப்போம்' என்று ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பள்ளிக் கணக்குத் தொகுப்பில் சரியான விடைகள் 17.7 சதவீதத்திலிருந்து 78.7 சதவீதமாக ஏறின. அன்றைய மாதிரிகளில் கிடைத்த பலன் அது. இன்று கிளாடுக்கே தனியாக யோசிக்கும் வசதி இருக்கிறது, 2025 பிப்ரவரியில் வந்தது, அதனால் இந்த இணைப்பால் அதே அளவு தாவல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. இந்த இணைப்பில் 'முந்தைய படியைத் திருத்துகிறேன்' என்று குறிக்க ஓர் இடம் உண்டு, எந்தப் படியை என்று எண்ணோடு. ஒரு படியிலிருந்து வேறு வழியில் பிரிந்துபோகவும் இடம் உண்டு. உங்கள் கணக்கை இதில் ஓட்டினால் இரண்டாவது படியிலோ மூன்றாவது படியிலோ 'மீதியில் 5 சதவீதம் கமிஷன்' என்று எழுதியிருப்பது உங்கள் கண்ணில் படும். அந்தப் படியைத் திருத்து, கமிஷன் முழு ஏலத்தொகையின் மேல், அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் மறுபடி போடு என்று சொல்லலாம். ஆறு பேர் வீட்டுக்குப் போகும் பணம் இது, விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற கணக்கு இல்லை. ஒவ்வொரு படியையும் நீங்களே திறந்து படிக்க வேண்டும், படிக்கப் பொறுமை இல்லாத நாளில் நோட்டிலேயே போடுங்கள்.

இனி நிறுவுவது. எம்.சி.பி. என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட திறந்த நெறிமுறை, செயலிக்கு வெளியே இருக்கும் கருவிகளை அதோடு பேச வைக்கும் ஏற்பாடு. இந்தக் கருவி உங்கள் கணினியிலேயே ஓடுவதால் கிளாடின் டெஸ்க்டாப் செயலி வேண்டும், போனில் நடக்காது. முதலில் இந்தக் கருவியை ஓட்டத் தேவையான நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள், பலருக்கு இதுதான் இருக்காது. பிறகு செட்டிங்ஸ், அதில் டெவலப்பர், அதில் எடிட் கான்ஃபிக். அது காட்டும் ஜேசான் கோப்பை, அதாவது செயலியின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பை, நோட்பேடில் திறந்து, கருவியை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் சில வரித் துண்டை அதில்தான் ஒட்ட வேண்டும்.

உங்களுக்கு வராமல் போனதற்கு வாட்ஸ்அப் காரணமாக இருக்கலாம். வழியில் எங்காவது நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருந்தாலே போதும், ஜேசான் கோப்பு உடைந்துவிடும். ஒரு காற்புள்ளியோ அடைப்புக்குறியோ குறைந்தாலும் அதே கதிதான். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எம்.சி.பி. திட்டத்துக்கு இருக்கும் பக்கத்திலிருந்தே துண்டை எடுங்கள். அந்தத் துண்டில் கருவியை இறக்கி ஓட்டும் என்பிஎக்ஸ் என்ற கட்டளை இருக்கும், விண்டோஸில் அதை நேரடியாகக் கொடுத்தால் சிலருக்கு ஓடுவதில்லை, அதை விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டி வழியாகக் கூப்பிடும் வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். சேமித்த பிறகு ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. திரையின் கீழே நேரம் காட்டும் இடத்துக்கு அருகில் செயலி ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே வலது கிளிக் செய்து முழுவதும் வெளியேறித் திரும்பத் திறக்க வேண்டும். முதல்முறை இந்தக் கருவி இணையத்திலிருந்து இறங்கும், நெட் இருக்கட்டும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கருவிகள் உங்கள் கணினியில் உங்கள் அனுமதியோடு ஓடும் நிரல்கள். யாரோ வீடியோவில் காட்டினார் என்பதற்காக எல்லாவற்றையும் ஒட்டாதீர்கள். ஆட்களின் பெயர்களையும் யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதையும் செயலியில் எழுத வேண்டாம், ஆள் 1, ஆள் 2 என்று போட்டாலே கணக்கு நடக்கும்.

இது ஓடினாலும் ஓடாவிட்டாலும் கணக்கின் விதிகளை முதலில் நீங்கள் எழுதிக்கொடுங்கள். கமிஷன் எதன் மேல், செலவில் எதெல்லாம் சேரும், வலைப் பழுது யார் தலையில், முன்பணம் தனி ஆளின் பங்கில் பிடிப்பதா என்று. 'விதியில் இல்லாததை ஊகிக்காதே, என்னிடம் கேள்' என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த விதிகளை அப்பாவிடமும் ஆட்களிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள், அவர்கள் சரி என்றால் அதையே ஓர் எக்செல் தாளில் சூத்திரமாகப் போட்டுவிடலாம். ஜூன் 15-க்கு மேல் படகு திரும்பிய ஒவ்வொரு முறையும் போடப்போகும் கணக்கு அந்தத் தாளிலேயே நடக்கட்டும், புதிதாக ஏதாவது செலவு முளைத்து எங்கே சேர்ப்பது என்று தெரியாத நாளில் மட்டும் செயலியைக் கேளுங்கள்.