சோபா ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது? கைபேசி ஏ.ஆர். செயலிகள்: கேள்வி பதில்

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைபேசிக்கு ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி: கேமராவில் தெரியும் நிஜக் காட்சியில் இல்லாத பொருளைப் பொருத்திக் காட்டுவது) செயலிகள் எழுதிவருகிறேன். விளையாட்டு, வழிகாட்டி, விளம்பரம் என மூன்றிலும் கை வைத்திருக்கிறேன். மூன்றிலும் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். கேளுங்கள். எந்தப் போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னொன்று: இங்கே சொல்லும் எதையும் நடந்துகொண்டே சோதித்துப் பார்க்காதீர்கள்.

அரைநிலா: வாங்குவதற்கு முன் அறையில் சோபாவை வைத்துப் பார்க்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். சோபா ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. சில சமயம் மிதக்கவும் செய்கிறது. குறை செயலியிலா, என் போனிலா?

பெரும்பாலும் உங்கள் தரையில்.

போனுக்குத் தரை என்றால் என்னவென்றே தெரியாது. கேமரா காட்டும் படத்தில் எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை அது பொறுக்கிக்கொள்கிறது: மரத்தின் ரேகை, விரிப்பின் பூவேலை, மேசையின் மூலை. அடுத்தடுத்த படங்களில் அவை எங்கே நகர்ந்தன என்று பின்தொடர்கிறது. அதே நேரத்தில் போனுக்குள் இருக்கும் முடுக்கமானியும் (நகர்வை அளக்கும் உணரி) சுழல்காட்டியும் (திரும்புவதை அளக்கும் உணரி) நொடிக்கு நூற்றுக்கணக்கான அளவீடுகளைத் தருகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் 'நான் இப்போது இந்த இடத்தில், இந்தக் கோணத்தில் இருக்கிறேன்' என்று போன் கணிக்கிறது. ஏ.ஆரில் கடினமான வேலை இதுதான். சோபாவை வரைவது எளிது. போன் தான் நிற்கும் இடத்தை அறிவதுதான் பாடு.

கேமரா மட்டும் இருந்தால் அளவு தெரியாது. அருகில் இருக்கும் பொம்மை வீடும் தொலைவில் இருக்கும் நிஜ வீடும் படத்தில் ஒரே அளவாகத் தெரியலாம். போன் 20 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று முடுக்கமானி சொன்னால், அந்த நகர்வில் புள்ளி எவ்வளவு விலகியது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். செயலி தொடக்கத்தில் 'போனை மெல்ல அசையுங்கள்' என்று கெஞ்சுவது இதற்காகத்தான். நம்மவர்கள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுழன்று காட்டுவார்கள். சுழன்றால் தூரம் கிடைக்காது. பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடைக்காது. பளபளக்கும் தரையில் கிடைக்கும், ஆனால் அவை பிரதிபலிப்புகள். நீங்கள் நகர்ந்தால் அவையும் நகர்ந்து பொய் சொல்லும். ஒருமுறை அறைகலன் விற்கும் வாடிக்கையாளர் ஒருவருக்குச் செயலியைக் காட்டப் போனேன். கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைத் தரை. அவர் கண் முன்னால் என் சோபா கம்பீரமாக வாசலை நோக்கி நகர்ந்து வெளியேறியது. பழைய செய்தித்தாள் நாலைந்தை வாங்கித் தரையில் பரப்பிய பிறகுதான் நின்றது. அன்றிலிருந்து என் பையில் பூப்போட்ட துணி ஒன்று எப்போதும் உண்டு.

மணிக்கூண்டு: ஏ.ஆருக்கும் வி.ஆருக்கும் என்ன வேறுபாடு?

ஏ.ஆர். உங்கள் அறையில் ஒரு பொருளைச் சேர்க்கிறது. வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) அறையையே மறைத்துவிட்டுக் கற்பனை உலகத்தை மட்டும் காட்டுகிறது.

ஏழாம்படி: என் போன் பழையது. ஏ.ஆர். வேலை செய்யுமா?

ஆண்ட்ராய்டு என்றால், ஏஆர்கோர் (கூகுளின் ஏ.ஆர். மென்பொருள்) இயங்கும் போன்களின் பட்டியலைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் மாதிரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒவ்வொரு மாதிரியிலும் கேமராவும் உணரிகளும் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகே பட்டியலில் சேர்க்கிறார்கள். ஐபோன் என்றால் 2015இல் வந்த 6எஸ் முதல் ஏஆர்கிட் (ஆப்பிளின் ஏ.ஆர். மென்பொருள்) இயங்கும்.

திசைமானி: வழிகாட்டும் செயலியில் அம்புக்குறி சில நேரம் சுவருக்குள் போகச் சொல்கிறது. செயற்கைக்கோள் இருந்தும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

திறந்த வெளியில் கைபேசியின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். வரைபடத்தில் ஒரு புள்ளி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. அம்புக்குறி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் அது சுவருக்குள் இருக்கும்.

அதைவிடப் பெரிய குற்றவாளி காந்தத் திசைகாட்டி. அருகில் இரும்பு இருந்தால் திரும்பிவிடும். போன் உறையில் இருக்கும் காந்தமே போதும். திசை 20 டிகிரி பிசகினால், நூறு மீட்டர் தொலைவில் இருக்கும் கடையின் பெயர்ப்பலகை 36 மீட்டர் தள்ளித் தெரியும். கேமராக் காட்சியின் மேல் இடங்களின் பெயரைக் காட்ட 2008, 2009இல் வந்த விக்கிட்யூட், லேயர் போன்ற செயலிகளில் பெயர்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் தொங்கியது இதனால்தான்.

கூகுள் மேப்ஸ் 2019இல் பரவலாகத் தந்த லைவ் வியூ வேறு வழியில் போகிறது. எதிரே இருக்கும் கட்டடங்களைக் கேமராவில் காட்டச் சொல்லி, ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் தெருக்காட்சிப் படங்களோடு ஒப்பிட்டு, நீங்கள் நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் கண்டுபிடிக்கிறது. ஆகவே மரத்தைக் காட்டாதீர்கள். இலைக்கு நிலையான உருவம் கிடையாது. ஆட்களைக் காட்டாதீர்கள், நகர்ந்துவிடுவார்கள். கட்டடத்தையும் பலகையையும் காட்டுங்கள். தெருக்காட்சிப் படமே எடுக்கப்படாத இடத்தில் இந்த வித்தை பலிக்காது.

திசை தெரிந்ததும் போனைக் கீழே இறக்கிவிட்டு நடங்கள். அந்தச் செயலியே அப்படித்தான் சொல்கிறது. நானும் மறுபடி சொல்கிறேன்.

பகல்கனவு: ஐந்து நிமிடத்தில் போன் அடுப்பாகிவிடுகிறது.

கேமரா, உணரிகள், முப்பரிமாண வரைதல், முழு வெளிச்சத்தில் திரை என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. சூடு ஏறியதும் செயலி இயங்கும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்போது சோபா தத்தளிக்கும். உறையைக் கழற்றுங்கள், வெயிலில் நிற்காதீர்கள். செயலி செய்கிறவர்களுக்கு என் அறிவுரை: மூன்று நிமிடத்தில் முடியாத எதையும் ஏ.ஆரில் வைக்காதீர்கள்.

கூடுதேடி: போக்கிமான் கோ மாதிரி ஒரு ஏ.ஆர். விளையாட்டு செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்?

வரைபடத்தில் தொடங்குங்கள். நிஜத் தெருக்களில் நடந்து கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் அந்த விளையாட்டு 2016 ஜூலையில் வெளிவந்தபோது அதிலிருந்ததை ஏ.ஆர். என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. கேமராப் படத்தின் மேல் உருவம் ஒன்றை ஒட்டினார்கள், அவ்வளவுதான். ஏ.ஆரை அணைத்துவிட்டால் பிடிப்பது எளிது, மின்கலமும் தாங்கும் என்று ஏராளமானோர் அணைத்துவிட்டே ஆடினார்கள். ஆட்டத்தின் உயிர் இடங்களில் இருந்தது. அந்த இடங்கள் அதே நிறுவனமான நியான்டிக் 2012இல் தொடங்கிய இன்கிரஸ் விளையாட்டிலிருந்து வந்தவை; அவற்றில் பல ஆட்டக்காரர்களே பரிந்துரைத்தவை.

இடத்தை வைத்து ஆடினால் இடத்துக்கு உரிய மரியாதையையும் யோசியுங்கள். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், தன் வளாகத்துக்குள் இந்த விளையாட்டை ஆட வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஓர் இடத்தை நீக்கச் சொல்லும் வசதி முதல் நாளே இருக்க வேண்டும்.

எதிர்க்காற்று: உலகமே ஏ.ஆர். என்று சொல்வதை நீங்கள் ஒருவர் மறுப்பதா? அப்படியென்றால் முகத்தில் நாய்க் காது ஒட்டும் வடிகட்டிகளும் ஏ.ஆர். இல்லையா?

அவை ஏ.ஆர்.தான். ரொனால்ட் அசுமா 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: நிஜமும் கற்பனையும் கலந்திருக்க வேண்டும், உடனுக்குடன் வினைபுரிய வேண்டும், முப்பரிமாணத்தில் பொருந்தி நிற்க வேண்டும். ஸ்னாப்சாட்டில் 2015இல் வந்த முக வடிகட்டிகளில் நீங்கள் தலையைத் திருப்பினால் காதும் திரும்பும். மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிட்டது. போக்கிமான் தோற்றது அங்கேதான்.

எதிர்க்காற்று: தோற்கவில்லை. போனைத் திருப்பினால் அந்த உருவம் அதே திசையில்தானே நின்றது? சுழல்காட்டி எதற்கு இருக்கிறது? பொருந்தி நிற்பது என்றால் வேறென்ன?

பாதி ஒப்புக்கொள்கிறேன். திசை பொருந்தியது; இடம் பொருந்தவில்லை. ஓரடி முன்னே வையுங்கள். உருவம் அருகில் வராது. நிலா நம்மோடு நடந்து வருவதுபோல் அதே தூரத்தில் கூடவே வரும். தரையில் நிற்கும் எந்தப் பொருளும் அப்படி நடந்துகொள்ளாது. 2017 டிசம்பரில் ஏஆர்கிட்டைப் பயன்படுத்தி ஐபோனில் புதிய முறை ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் உருவத்தை நெருங்கிச் செல்ல முடிந்தது.

மணிக்கூண்டு: பெயரில் என்ன இருக்கிறது ஐயா? மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஆடினார்கள், போதாதா?

ஆடியவர்களுக்குப் போதும். காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறவர்களுக்குப் போதாது. 'ஏ.ஆர். வேண்டும்' என்று ஒப்பந்தம் போட்டு, கேமராப் படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சொல்லே 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல் பயன்படுத்தியது. விமானத்தின் கம்பிக்கற்றைகளைத் தொழிலாளர்கள் சரியான இடத்தில் பொருத்த வழிகாட்டுவதே நோக்கம். அங்கே கம்பி இடம் மாறினால் வேடிக்கையாக இருந்திருக்காது.

எதிர்க்காற்று: கடைசியாக ஒன்று. வானத்தை நோக்கிப் பிடித்தால் விண்மீன்களின் பெயரைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் திசை மட்டும்தான் தெரியும். பின்னணியில் கேமராக் காட்சியைக் காட்டும் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆரா, இல்லையா?

நல்ல அடி. ஐந்து நிமிடம் எழுந்து உலாத்திவிட்டு வந்தேன் (போன் இல்லாமல்). அது ஏ.ஆர்.தான். விண்மீன் இருக்கும் தொலைவுக்கு நீங்கள் ஓரடி நடந்தாலும் ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் அது நகராது. அங்கே திசை பொருந்தினாலே எல்லாம் பொருந்தியதாகும். எதிரே இரண்டு மீட்டரில் இருப்பதாகக் காட்டும் உருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் எடுத்துக்காட்டை இனி என் வகுப்புகளில் பயன்படுத்துவேன். உரிமை கேட்டு வராதீர்கள்.

தென்றல்வழி: என் போனில் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏழாம்படிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கடைவிரித்தேன்: எங்கள் பொருளின் அட்டைப்பெட்டியைக் கேமராவில் காட்டினால் ஒரு பொம்மை குதித்து ஆடும்படி விளம்பரம் செய்ய விரும்புகிறோம். பலன் இருக்குமா?

பொம்மை ஆடி முடித்த பிறகு வாங்குபவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அதைச் சொல்லுங்கள் முதலில். மூக்குக்கண்ணாடி முகத்துக்குப் பொருந்துமா, அலமாரி மூலையில் அடங்குமா என்பவை நிஜக் கேள்விகள். அவற்றுக்கு ஏ.ஆர். விடை சொல்கிறது. அறைகலன் நிறுவனமான ஐகியா 2017இல் தனிச் செயலி கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட ஒரு கேள்விக்காகத்தான்.

அட்டைப்பெட்டிக்காக ஒரு செயலியைப் பதிவிறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரே ஒரு பொருளை முப்பரிமாணத்தில் காட்டினால் போதும் என்றால், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அதற்கான காட்டி ஏற்கெனவே இருக்கிறது. இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பு போதும். அதற்காகத் தனிச் செயலி எழுதித் தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியின் படத்தையே அடையாளமாக வைப்பதாக இருந்தால், ஒழுங்கற்ற, நுணுக்கம் நிறைந்த படம் வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கோலம் குழப்பும். வெள்ளைப் பின்னணியில் வட்டச் சின்னம் ஆகவே ஆகாது. பளபளப்பான மேற்பூச்சும் வேண்டாம். என் வெள்ளைத் தரைக் கதையை மறக்காதீர்கள்.

பிறர் மேடையில் வடிகட்டி செய்து வைக்கலாம் என்றால், இதையும் கேளுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா, வடிகட்டிகள் செய்வதற்கான தன் ஸ்பார்க் தளத்தை 2025 ஜனவரியில் மூடியது. வெளியார் செய்து வைத்திருந்த ஏ.ஆர். விளைவுகள் அனைத்தும் அதோடு போயின.

உறங்காப்புலி: முகத்தில் ஒப்பனை போட்டுக் காட்டும் செயலி என் முகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுமா?

முகத்தின் வடிவைக் கணிப்பதைப் போனுக்குள்ளேயே முடித்துவிட முடியும். படத்தை வெளியே அனுப்பத் தேவையே இல்லை. அனுப்புகிறதா என்பது அதன் தனியுரிமைக் கொள்கையில் இருக்கும், படியுங்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2008லேயே முக வடிவத் தரவுக்குச் சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் ஸ்னாப் நிறுவனம் 2022இல் 3.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒப்பனை காட்டும் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அழித்துவிடுங்கள்.

புதுக்கணக்கு: என்னிடம் இருப்பது இரண்டு கேமரா உள்ள போன். இதில்...

ஏழாம்படி. ஏழாம்படி. ஏழாம்படி.

அரைநிலா: மீண்டும் நான்தான். தரையில் பூப்போட்ட விரிப்பைப் போட்டதும் சோபா அசையாமல் நின்றது, நன்றி. சுற்றி வந்து பார்க்கலாம் என்று நடந்தேன். நிஜ நாற்காலியில் முழங்கால் இடித்துக்கொண்டது. திரையில் நாற்காலியே தெரியவில்லை!

தெரியாது. ஆழத்தைக் கணிக்காத செயலி, தான் வரைவதை எல்லாவற்றுக்கும் மேலேதான் வரையும். உங்கள் நாற்காலி சோபாவுக்கு முன்னால் இருந்தாலும், திரையில் சோபா அதை மூடிவிடும். ஏஆர்கோரில் 2020 முதல் ஆழத்தைக் கணிக்கும் வசதி இருக்கிறது. ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ மாதிரிகளில் அதற்கென்றே லைடார் உணரி (ஒளியை அனுப்பித் தூரத்தை அளப்பது) இருக்கிறது. செயலி அவற்றைப் பயன்படுத்தினால் நாற்காலி முன்னாலும் சோபா பின்னாலும் சரியாகத் தெரியும். அமைப்புகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உட்கார்ந்துகொண்டு பாருங்கள். முழங்காலுக்கு ஐஸ் வையுங்கள்.