இயற்கையே அதிகக் கார்பனை வெளியிடும்போது மனிதர்களைக் குறை சொல்வது ஏன்?

நிலமும் கடலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 கோடி டன் கார்பனை வெளியிடுகின்றன என்பதும், நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்து நாம் சேர்ப்பது சுமார் 1,000 கோடி டன்தான் என்பதும் உண்மையே. ஆனால் இது செலவை மறைத்து வரவை மட்டும் காட்டும் கணக்கு. இயற்கை வெளியிடுவதை ஒளிச்சேர்க்கையும் கடல்நீரும் அநேகமாக முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்வதால்தான், தொழிற்புரட்சிக்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கை ஒட்டியே இருந்தது; இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது.

ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீட்டின் வரைபடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மே மாதத்தில் உச்சம் தொடும் கோடு, வடகோளக் காடுகள் தழைக்கும் கோடையில் இறங்கி, மறு ஆண்டு முந்தைய உச்சத்தையும் கடந்து ஏறுகிறது.

எரிமலைகளைக் காரணம் காட்டுவோர் உண்டு. அவை உமிழ்வது நம் பங்கில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. மேலும், பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த எரிபொருளில், காலப்போக்கில் தானாகச் சிதைந்து மறையும் கார்பன் வகையான கார்பன்-14 எஞ்சியிருப்பதில்லை. காற்றில் அதன் விகிதம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே குறைந்ததை மர வளையங்கள் காட்டுகின்றன; எரிபொருளின் கார்பன் காற்றில் கலந்ததன் அடையாளம் அது. நாம் உமிழ்வதில் ஏறக்குறைய பாதியைக் காடுகளும் கடலும் ஏற்றுக்கொள்கின்றன. வெப்பத்தைப் பிடித்துவைப்பது காற்றில் தங்கும் மீதிப் பாதியே.