பத்து நாள் தண்ணீர் விரதம் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை தினமும் ஒன்று எடுக்கிறேன். சர்க்கரை நோய் இல்லை. போன மாதம் மூன்று நாள் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தேன். மூன்றரை கிலோ குறைந்தது. முதல் இரண்டு நாள்தான் கஷ்டம். மூன்றாம் நாள் பசியே இல்லை, மனசும் தெளிவாக இருந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் இரண்டரை கிலோ திரும்ப ஏறிவிட்டது. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பத்து நாள் இருந்து எட்டு கிலோ குறைத்திருக்கிறார். நானும் பத்து நாள் இருக்கட்டுமா? உடம்பில் இவ்வளவு கொழுப்பு சேர்ந்து கிடக்கும்போது பட்டினி இருந்தால் என்ன ஆகிவிடும்?

பதில்: இருக்காதீர்கள். இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு, யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் வீட்டில் பத்து நாள் தண்ணீர் விரதம் இருப்பது உங்களுக்கு ஆபத்து. ஆனால் கடைசியாகக் கேட்டீர்களே, அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் முன் தராசு காட்டிய எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

உங்கள் எடையில் இருப்பவர் பெரிதாக உடல் உழைப்பு இல்லாமல் ஒரு நாளைக்குச் சுமார் 2,200 கலோரி செலவழிப்பார். மூன்று நாளைக்கு 6,600. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அந்த மூன்று நாளும் கொழுப்பை மட்டுமே எரித்திருந்தால்கூட 860 கிராமைத் தாண்டியிருக்காது. உண்மையில் அதைவிடக் குறைவுதான், ஏனென்றால் முதல் நாள் உடல் பெரும்பாலும் கிளைக்கோஜனை எடுத்துச் செலவழிக்கிறது. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்ற அளவில் இந்த மாவுச்சத்துச் சேமிப்பு நம்மிடம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைக்கோஜன் கரையக் கரைய அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது. கூடவே இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றுகிறது, உப்பின் பின்னால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். போதாததற்குக் குடலும் காலி. உங்கள் மூன்றரை கிலோவில் இரண்டரை கிலோவுக்கு மேல் இப்படிப் போனதுதான். சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்று நினைத்து வருத்தப்படவும் வேண்டாம்.

இதே கணக்கை உங்கள் சக ஊழியரின் எட்டு கிலோவுக்கும் போட்டுப் பாருங்கள். பத்து நாளில் 22,000 கலோரி. அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்திருந்தால்கூட மூன்று கிலோவுக்குக் கீழேதான். அவர் எடை அந்த அளவிலேயே நின்றிருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

மீதியில் தசையும் உண்டு. மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கிளைக்கோஜன் தீர்ந்த பிறகு அதைக் கல்லீரல் தயாரித்துக் கொடுக்கிறது, அதற்கு மூலப்பொருளாகப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. தொடக்க நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராம் வரை புரதம் கரையும். தசையாகக் கணக்கிட்டால் 300 கிராமுக்கு மேல். பிறகு, கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் கீட்டோன்களை மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்ளப் பழகுகிறது, தசை கரைவதும் வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைகிறது. மூளை இப்படி மாறிக்கொள்வதை அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967-இல் கண்டறிந்தார்கள். அதற்கு முன் மூளைக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் உணவு என்று பாடப் புத்தகங்களில் இருந்தது.

மூன்றாம் நாள் உங்களுக்குப் பசி அடங்கியதற்கு இந்தக் கீட்டோன்கள் ஒரு காரணம். அந்தத் தெளிவும் கற்பனை இல்லை: தொடக்க நாட்களில் உடலில் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, அது விழிப்பையும் சுறுசுறுப்பையும் தரும். ஆனால் விரதத்தின் பெரிய கவர்ச்சி வேறு என்பது என் அபிப்பிராயம். எடை குறைக்க முயல்பவருக்கு நாள் முழுவதும் மனதுக்குள் ஒரு பேரம் ஓடிக்கொண்டே இருக்கும்: இதைச் சாப்பிடலாமா, எவ்வளவு சாப்பிடலாம், இப்போது ஒன்று எடுத்தால் ராத்திரி விட்டுவிடலாமா. விரதத்தில் அந்தப் பேரமே கிடையாது. ஒரே விதி, அது எளிய விதி, தினமும் காலையில் தராசும் சபாஷ் சொல்கிறது. பல வருஷம் டயட் இருந்து அலுத்தவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரிகிறது. அதனால்தான் ‘பட்டினி கெடுதல்’ என்று ஒரு வரியில் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை; அவர்கள் அனுபவம் வேறு சொல்கிறதே.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கொழுப்புதான் இருக்கிறதே?

1965-66-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியெரி என்ற இளைஞர் 382 நாள் உணவே எடுக்காமல் இருந்தார். 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினார். நீண்ட விரதத்தை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இவரைத்தான் காட்டுவார்கள். டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் அவர் இருந்ததும், வைட்டமின்களும் ஈஸ்ட்டும் தேவைப்பட்ட காலத்தில் பொட்டாசியமும் சோடியமும் கொடுத்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து வந்ததும் அந்தக் கதையில் பெரும்பாலும் விடுபட்டுவிடும். அதே காலத்தில் மருத்துவமனைகளில் இதே முறையில் பட்டினி சிகிச்சை பெற்ற வேறு சிலர் இறந்தார்கள். அவர்களுக்கும் உடலில் கொழுப்பு நிறையவே மிச்சம் இருந்தது. மருத்துவ உலகம் அந்தச் சிகிச்சையைக் கைவிட இந்த மரணங்கள் முக்கியக் காரணம்.

கொழுப்பு கொடுப்பது கலோரி மட்டும். இதயம் சீராகத் துடிக்கப் பொட்டாசியமும் மெக்னீசியமும் வேண்டும், செல்லுக்குள் ஆற்றலைக் கையாளப் பாஸ்பேட் வேண்டும், குளுக்கோஸை எரிக்கத் தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். இவை எதுவும் தொப்பையில் சேமிப்பாக இல்லை. டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் பேட்டரி இறங்கினால் வண்டி கிளம்பாது.

இங்கேதான் உங்கள் மாத்திரை வருகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் வழியாக உப்பையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மருந்து. விரதமும் அதையே செய்கிறது. இரண்டும் சேரும்போது, வெளியேறுவதை ஈடுகட்ட உணவும் இல்லை. அதோடு டெல்மிசார்டான், உடலில் நீர் வற்றும்போது அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் இயற்கையான ஏற்பாட்டைத் தடுத்துவிடுகிறது. நான்காம், ஐந்தாம் நாளில் ராத்திரி சிறுநீர் கழிக்கப் படுக்கையைவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். குளியலறைத் தரையில் தலை மோதுவதும் விரதத்தின் ஆபத்துதான், பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னும் நீடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ‘தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும்’ என்று லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு விரதம் இருப்பதும் தீர்வாகாது.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு வகைச் சிக்கல்: இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும், மீட்டரிலோ சர்க்கரை ஏறக்குறைய சாதாரண அளவைக் காட்டும். நோயாளி ஏமாந்துவிடுவார்.

மிக மோசமான சிக்கல் விரதம் முடிகிற நாளில் காத்திருக்கிறது. பத்து நாள் எதுவும் சாப்பிடாதவர் வெற்றிக் களிப்பில் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறோ வயிறு முட்ட ஒரு சாப்பாடோ எடுக்கிறார் என்று வையுங்கள். அடங்கிக் கிடந்த இன்சுலின் எகிறுகிறது. செல்கள் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது, இரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிகிறது. சாப்பிட ஆரம்பித்த முதல் சில நாட்களுக்குள் கால் வீக்கம், மூச்சுத்திணறல், தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்புக் கோளாறு எல்லாம் வரலாம். உயிரும் போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட, பட்டினியால் வாடிய போர்க் கைதிகளிடம் மருத்துவர்கள் பார்த்து அதிர்ந்த நிலை இது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் உணவு கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. பத்து நாளைத் தாண்டினால் அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நல்ல உடற்கட்டு இருப்பவருக்கு இது அடிக்கடி வருவதில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்து எடுப்பவரை அதே வழிகாட்டி தனியாகக் குறித்துவைத்திருக்கிறது.

யூரிக் அமிலம் ஏறிக் கீல்வாதம் கிளம்புவது, வேகமாக எடை இறங்குவதால் பித்தப்பைக் கல், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக முடி கொட்டுவது, மாதவிடாய் தவறுவது இவையும் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், எடை ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், இதய, சிறுநீரக நோயாளிகள் யாரும் நீண்ட விரதம் பக்கமே போக வேண்டாம். உணவைப் பற்றிய பயமோ, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பட்டினி கிடக்கும் பழக்கமோ முன்பு இருந்தவர்களுக்கு ஒரு நாள் விரதம்கூட அந்தக் கதவைத் திரும்பத் திறந்துவிடக்கூடும்.

நீண்ட விரதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 பேர் ஏழு நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தார்கள். சராசரியாக 5.7 கிலோ குறைந்தது. மூன்று நாள் சாப்பிட்டதும் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிட்டது, குறைந்த கொழுப்பு அப்படியே நின்றது. நோயில்லாதவர்கள், கண்காணிப்பு, ஏழு நாள் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் விரத மருத்துவமனைகளே இருக்கின்றன. 4 முதல் 21 நாள் வரை இருந்த 1,422 பேரின் பதிவுகளை அப்படி ஒரு மருத்துவமனை 2019-இல் வெளியிட்டது, பெரிய பாதிப்புகள் மிகக் குறைவு. ஆனால் அங்கே சூப், பழச்சாறு என்று தினமும் 200 முதல் 250 கலோரி வரை கொடுக்கிறார்கள், மருத்துவரும் செவிலியரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

‘ஆட்டோஃபேஜி’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் யாராவது சொல்வார்கள். செல்கள் தங்கள் கழிவைத் தாங்களே செரித்துக்கொள்ளும் இந்த வேலை உண்மையானது. அதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ‘72 மணி நேரத்தில் தொடங்கும், ஐந்தாம் நாளில் உச்சம்’ என்று படம் போட்டுச் சுற்றும் அட்டவணைகளுக்கு மனிதர்களில் அளந்து பார்த்த ஆதாரம் கிடையாது.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் உடல் நிறை குறியீட்டெண் 33. எடை குறைப்பது அவசியம்தான். 94-இல் ஐந்து சதவீதம், அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கினாலே இரத்த அழுத்தத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். ‘சாப்பாடு உண்டு, இல்லை’ என்ற நேரடி விதிதான் உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால், தினமும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் சுருக்கியவர்கள் 8 கிலோவும், கலோரியை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. ஆகவே நேரத்தில் மந்திரம் எதுவும் இல்லை; அந்த விதி உங்களைக் குறைவாகச் சாப்பிட வைத்தால் லாபம். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும், வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள்.

இன்னும் வேகமாகக் குறைய வேண்டும் என்றால் மருத்துவ மேற்பார்வையில் மிகக் குறைந்த கலோரி உணவுமுறை இருக்கிறது. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரி கொடுத்தார்கள். புரதமும் தாதுக்களும் வைட்டமின்களும் அதிலேயே அடங்கியிருந்தன. ஒரு வருட முடிவில் நான்கில் ஒருவர் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்திருந்தார், ஏறக்குறைய பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை இல்லாமலே சரியான அளவில் இருந்தார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை முதல் நாளே மருத்துவர்கள் நிறுத்திவிட்டு, அளவுகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். உங்கள் மருத்துவரிடம் இந்த முறையைப் பற்றிக் கேளுங்கள். போகும்போது சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், யூரிக் அமிலப் பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுத்துப் போங்கள், போன மாதம் மூன்று நாள் விரதம் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய அவருக்கு அது தேவைப்படும்.